செவி தந்தனர், நா தந்தனரா?

வானம் யாருடையது?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். "கதிரவன் பொது, காற்று பொது, மழை பொது; வானம் மட்டும் யாருக்கோ எழுதிவைத்த இனாம் நிலமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், தோழர்களே, உரக்கக் கேளுங்கள்! மண்ணை அளந்து பட்டா எழுதிய துரைத்தனம், வானையும் அளந்து பட்டா எழுதிற்று. வெள்ளைத் துரை எழுதிய அந்தப் பட்டாவைக் கதர்த் துரை கிழித்தெறியவில்லை. பெயரை மாற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவரும் பூட்டைத் திறந்தாரில்லை.

1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் பிறந்தது. தந்தி அமைக்கும் தனியுரிமை அரசுக்கே என்றது அச்சட்டம். மார்க்கோனி கம்பியில்லாத் தந்திக்குக் காப்புரிமை கேட்டதோ 1896இல். பிள்ளை பிறப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே அதன் காலுக்கு விலங்கு தயார்! கம்பிக்கு எழுதிய சட்டம் காற்றை ஆண்டது. அரை நூற்றாண்டல்ல, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டது. அதன் இடத்தில் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. மக்களின் சார்பில் அலைக்கற்றையின் உடைமையாளர் ஒன்றிய அரசே என்று அது இயம்புகிறது. மக்களின் சார்பில்! சொத்து மக்களுடையது, சாவி டில்லியினுடையது. மிராசுதாரர் வீட்டு நெல்லுக்குக் காவல் இருந்தவன், காவலையே உரிமை ஆக்கிக்கொண்ட கதை இது.

நாம் மிகைப்படுத்திக் கூறுவதாக எவரேனும் எண்ணினால், உச்ச நீதிமன்றத்தின் வாயிலாகவே கேட்கட்டும். 1995 பிப்ரவரி 9ஆம் நாள், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுச்சொத்து. அவை அரசின் ஏகபோகமாகவும் இருத்தலாகாது, பணமுடையோரின் ஏகபோகமாகவும் ஆகிவிடலாகாது. பொதுநலன் கருதி அவற்றை நெறிப்படுத்த வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. பொதுச்சொத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு? அதை அளந்து பார்ப்பதற்கு டில்லிக்குப் போக வேண்டியதில்லை. தென்காசிச் சீமைக்கு வாருங்கள்.

தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் அண்மையில் உள்ள ஊர் இலத்தூர். மேற்கே மலைத்தொடர் மதிலென நிற்கிறது. மலையில் பெய்வது குளத்தில் நிறைந்து, குளத்தில் நிறைந்தது வயலில் விளைகிறது. செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள். ஏன் இணைந்தது? மக்கள் பேசும் மொழி தமிழ் என்பதால். மொழியின் பெயரால் எல்லைக்கோடே மாற்றி வரையப்பட்ட மண் இது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. ஆட்சியர் வந்தார்; அலுவலகங்கள் வந்தன. ஆனால், இலத்தூர் உழவன் தன் குரலை அலையேற்றி அண்டை ஊருக்கு அனுப்ப வழி வந்ததா?

கேட்பதற்கு வழி என்றோ வந்தது. ஊராட்சிக்கு ஒரு வானொலிப் பெட்டி, திடலில் ஓர் ஒலிபெருக்கி, மாலையானால் அதைச் சுற்றி ஊர்க்கூட்டம் என்ற காட்சியை மூத்தோர் அறிவர். 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தோன்றியது. அந்த நிலையம் செய்த நற்பணியை நாம் மறுக்கவில்லை. உழவர்க்கு வேளாண் செய்தி, மாணவர்க்குப் பாடம், கலைஞர்க்கு மேடை என அது தந்தது பல. ஆனால் நிலையத்தை நடத்தும் விதி டில்லியில் எழுதப்படுகிறது. ஊர் கேட்கலாம், பேசுவது என்றால், அழைத்தால் பேசலாம். செவியைத் தந்தனர், தோழர்களே, நாவைத் தந்தனரா?

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். வானொலி இந்த நாட்டில் பிறந்ததே உள்ளூரில்தான்! 1924இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் வானொலிக் கழகம் ஒன்றை அமைத்து, அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே ஒலிபரப்பினர். பணம் போதாமல் 1927இல் கழகம் ஓய்ந்தது. கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் நிலையத்தை நடத்தியது. ஆம், நகராட்சி மன்றம் ஒன்று வானொலி நடத்தியது, வெள்ளையன் காலத்தில்! 1938 ஜூன் 16ஆம் நாள் 'ஆல் இந்தியா ரேடியோ' சென்னையில் நிலையம் கண்டது. மாநகராட்சியின் ஒலிபரப்புக்கு வேலை இல்லாமற் போயிற்று. அடிமை நாட்டில் ஒரு மாநகராட்சிக்கு இருந்த உரிமை, உரிமை பெற்ற நாட்டில் இலத்தூர் ஊராட்சிக்கு எங்கே?

'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரின் வரலாறு இதனினும் சுவையானது. 1935இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் சிறு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த வீட்டு வானொலிக்கு வழங்கிய பெயர்தான் ஆகாசவாணி. ஒரு பேராசிரியரின் வீட்டில், ஓர் ஊரின் செவிக்காகப் பிறந்த பெயர் அது. அதை எடுத்து, இந்தியா முழுமைக்கும் ஒரே குரல் என்பதன் முத்திரையாக்கிவிட்டனர். ஐம்பதுகளில் அந்தப் பெயர் தமிழ் ஒலிபரப்பின்மீது சுமத்தப்பட்டபோது, 'வானொலி' என்ற அழகு தமிழ்ச்சொல் இருக்க இது எதற்கு என்று தமிழகம் கிளர்ந்தெழுந்தது. 2023 மே திங்களில் மீண்டும் ஆணை பிறந்தது: ஆங்கிலப் பெயர் வேண்டாம், எங்கும் ஆகாசவாணி என்றே சொல்லுக! ஆங்கிலம் போகட்டும், நாம் அழவில்லை. அது போன இடத்தில் தமிழ் வரவேண்டாவா? 'வானொலி' என்னும்போது குழந்தைக்கும் பொருள் விளங்குகிறது: வானில் வரும் ஒலி. விளங்கும் சொல்லை விலக்கி விளங்காத சொல்லை வைப்பதற்குப் பெயர் ஒருமைப்பாடு என்றால், அந்த ஒருமைப்பாடு காதைப் பிடித்து இழுக்கும் ஒருமைப்பாடு.

"பெயரில் என்ன இருக்கிறது? அரசு நிலையம் பிடிக்காவிட்டால் தனியார் பண்பலை இருக்கிறதே, பொத்தானைத் திருப்பும்!" என்று சிலர் செப்புவர். திருப்பிப் பார்ப்போம். 1999இல் ஒன்றிய அரசு 40 நகரங்களுக்கு 108 அலைவரிசைகளை ஏலத்துக்குக் கொண்டு வந்தது. ஏலம்! பொதுச்சொத்து என்று நீதிமன்றம் கூறிய நான்கே ஆண்டுகளில் ஏலம்! கூடுதல் தொகை கூறியவர்க்கு வானம். கூற இயலாதவர்க்கு வாய்ப்பூட்டு. 2024 ஆகஸ்டில் மேலும் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலமிட ஒன்றிய அமைச்சரவை ஒப்பியது. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்று அப்போது கூறினர். பெருகட்டும். ஆனால், உள்ளூரைப் பற்றி எதைப் பேசலாம் என்று விதித்துள்ளனர், அதையும் பார்ப்போமா?

தனியார் பண்பலை தானாகச் செய்தி சொல்லலாகாது. அரசு வானொலியின் செய்தியறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. உள்ளூர் விளையாட்டுப் போட்டி, போக்குவரத்து, தட்பவெப்பம், விழாக்கள், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, குடிநீர், மின்சாரம், வேலைவாய்ப்பு, இயற்கைப் பேரிடர் ஆகியவை பற்றிய தகவல் 'செய்தி அல்ல' என்று விலக்களித்துள்ளனர். எவ்வளவு பெருந்தன்மை! குண்டாற்று அணையில் நீர் எத்தனை அடி என்று அறிவிக்கலாம். அந்த நீர் கடைமடைக்கு ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தால், அது செய்தி, குற்றம். புளியரைச் சாலையில் நெரிசல் என்று கூறலாம். மலையை உடைத்து, கல்லும் மணலுமாகக் கேரளத்துக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளின் வரிசையே அந்த நெரிசல் என்று எடுத்துரைத்தால், அது நடப்பு நிகழ்ச்சி, தடை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் நெல்லை மாவட்டத்துச் சிற்றூர்களில் கொட்டப்பட்டது நாடறிந்த செய்தி; ஏடுகள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின. அந்த மாவட்டத்திலேயே ஒலிக்கும் பண்பலை மட்டும் அதைத் தானே திரட்டிச் செய்தியாகச் சொல்லலாகாது! பாட்டுப் போடு, பரிசு கொடு, பகடி பேசு. ஆனால் பக்கத்துத் தெருவில் நடப்பதைப் பகராதே. பாடும் வாய்க்குப் பேசும் உரிமை இல்லை!

ஏன் இந்தத் தடை? "நாட்டின் பாதுகாப்பு" என்கின்றனர். இருபத்துநான்கு மணி நேரமும் செய்தி முழங்கும் தனியார் தொலைக்காட்சிகள் எத்தனை! அவற்றால் ஆபத்து இல்லை. நாளேடுகள் எத்தனை! அவற்றால் ஆபத்து இல்லை. கையடக்கக் கருவியில் கணந்தோறும் பறக்கும் புரளிகள் எத்தனை! அவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளும் நாடு, குளத்து மடை பழுதானதை ஒரு பண்பலை கூறினால் கவிழ்ந்துவிடுமாம்! பெயரும் முகவரியும் தெரிந்த, உரிமம் பெற்ற, ஒலிபரப்பியதைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டிய நிலையத்தைக் கண்டு அஞ்சுவது பாதுகாப்பன்று. உண்மையைக் கண்ட அச்சம். இது நம் கூற்று மட்டுமன்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023 செப்டம்பரில் பரிந்துரை செய்தது: தனியார் பண்பலைகள் மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி ஒலிபரப்ப விடுங்கள் என்று. டில்லி அமைத்த ஆணையம், டில்லிக்குக் கூறிய அறிவுரை! அதை ஏட்டுச் சுரைக்காயாக்கி வைத்திருப்பது எவருக்கு நன்மை?

"அலைவரிசை எங்கே இருக்கிறது? அது அருகிய பொருள்" என்று மற்றொரு சமாதானம். எளிய கணக்கு ஒன்று போடுவோம். பண்பலைக்கு ஒதுக்கியது 88 முதல் 108 மெகாஹெர்ட்சு வரை; அதாவது 20 மெகாஹெர்ட்சு. ஒரே நகரில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 800 கிலோஹெர்ட்சு இடைவெளி என்று வகுத்துள்ளனர். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 25 நிலையங்களுக்கு இடம்! மேலும், பண்பலையின் இயல்பு என்ன? மத்திய அலை தரையைத் தழுவி நெடுந்தொலைவு செல்லும். பண்பலையோ நேர்கோட்டில் செல்வது. தொலைவு மிகுந்தால் தேயும், மலை குறுக்கிட்டால் மடியும். இலத்தூரில் ஒலிக்கும் சிறு பண்பலை, மதுரையில் அதே அலைவரிசையில் ஒலிப்பதைக் கெடுக்காது. இயற்கையே அதை ஊர்ப் பேச்சுக்கென வகுத்திருக்கிறது. ஊருக்கென அமைந்த அலையை ஊருக்குத் தராமல், பற்றாக்குறை என்று பசப்புவது என்ன நீதி?

"சமுதாய வானொலி என்று ஒன்று இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது, இருப்பதால்தான் கேட்கிறோம். 2002இல் கல்வி நிலையங்களுக்கு அந்த உரிமை வந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி அவ்வகையில் முதலாவதாக ஒலித்தது. 2006இல் மக்கள் அமைப்புகளுக்கும் வாயில் திறந்தது. 100 வாட் ஆற்றல், 30 மீட்டர் உயரக் கம்பம். எட்டும் தொலைவு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். 100 வாட் என்றால், பழைய குண்டு விளக்கு ஒன்றின் அளவு! இலத்தூரில் அப்படி ஒரு கம்பம் நட்டால் தென்காசியும் செங்கோட்டையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். குற்றாலச் சாரலையும் அது எட்டும். ஒரு விளக்கு எரியும் ஆற்றலில் ஒரு சீமை பேசலாம், தோழர்களே! ஆனால் அந்த விளக்கை ஏற்ற எத்தனை வாயிற்படிகள் ஏற வேண்டும்? செய்தி ஒலிபரப்பு அமைச்சகம், உள்துறை, பாதுகாப்புத் துறை, அலைவரிசை ஒதுக்கும் பிரிவு, கம்பம் நட இசைவு தரும் குழு என்று நீள்கிறது அந்தப் படிவரிசை. படியேறிப் படியேறிக் கால் தேய்ந்தவர் பேசுவதற்கு முன்பே களைத்துவிடுகிறார். இந்தியா முழுவதிலும் இன்று இத்தகைய நிலையங்கள் ஐந்நூறுக்குச் சற்று மேல்தான். ஆறு இலட்சம் சிற்றூர்கள் உள்ள நாட்டில் ஐந்நூறு! அவற்றுக்கும் செய்தித் தடை.

இத்தனை தடைக்கிடையிலும் எளியோர் என்ன சாதித்தனர்? 2016 ஆகஸ்டு 15ஆம் நாள் பாம்பனில் 'கடல் ஓசை' என்னும் வானொலி தோன்றியது. மீனவர்க்கான வானொலி அது: அலை எவ்வளவு உயரம், காற்று எப்பக்கம், கடலுக்குச் செல்லலாமா, கடல்வளத்தைக் காப்பது எப்படி என்று மீனவர் மொழியிலேயே பேசுகிறது. 2008 அக்டோபர் 15ஆம் நாள், இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் 'சங்கம் ரேடியோ' ஒலித்தது, நடத்தியவர் யார்? ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உழைக்கும் பெண்கள்! ஊருக்குள் குரல் உயர்த்தாதே என்று தலைமுறை தலைமுறையாக அடக்கப்பட்டவர்கள், ஊர் முழுதும் கேட்க ஒலிவாங்கி முன் அமர்ந்தனர். சாதி கட்டிய சுவரைத் தாண்ட அலைக்கு ஏணி வேண்டியதில்லை என்று காட்டினர். அண்டையில் நேபாளத்தைப் பாருங்கள்: 1997இலேயே காத்மண்டுவில் 'ரேடியோ சாகர்மாதா' எழுந்தது. அந்நாட்டு மக்கள் வானொலிகள் செய்தியும் சொல்கின்றன. சின்னஞ்சிறு மலைநாட்டுக்கு இருக்கும் துணிவு, பெரிய நாடென்று பேசும் டில்லிக்கு ஏன் இல்லை?

"கையில் செல்பேசி இருக்கும் காலத்தில் வானொலி எதற்கு?" என்று நாகரிகர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நினைவூட்டுவோம். தென் மாவட்டங்கள் நான்கும் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தொடர்வண்டி நீரிடையே நின்றது. மின்சாரம் போயிற்று, செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன, கையில் இருந்த கருவி கண்ணாடித் துண்டாயிற்று. அவ்வேளையில் இரண்டு மின்கலங்களில் இயங்கும் சிறு பெட்டி போதும், "இந்தத் தெருவை விட்டு அந்தப் பள்ளிக்குச் செல்லுங்கள்" என்ற சொல்லைக் கேட்க. ஆனால் தெருவின் பெயர் அறிந்து சொல்ல, தெருவின் அருகிலேயே ஒரு நிலையம் வேண்டுமன்றோ? தொலைவில் இருப்பவர் "தென் தமிழகத்தில் கனமழை" என்பார். எந்த மடை உடைந்தது என்பதை ஊரான் அன்றோ அறிவான்!

2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. வானொலி இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பொறுப்பாகாது. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். மலைமேல் பெய்யும் மழையை முதலில் அறிபவர் மலையடி மக்கள். அருவி எப்போது சிரிக்கும், எப்போது சீறும் என்று அவர்கள் அறிவர். அவர்கள் அறிந்ததை ஆயிரவர்க்கு அக்கணமே உரைக்க ஒரு வாய் வேண்டாவா? சாரல் காலத்தில் இலட்சக்கணக்கில் மக்கள் திரளும் இடத்தில், எச்சரிக்கைக்கெனத் தனி அலை ஒன்று கேட்பது ஆடம்பரமா?

இன்னும் ஓர் ஐயம் எழக்கூடும். அதை நாமே எழுப்பிவிடுகிறோம். ஊருக்கு வானொலி வந்தால், ஊர்ப் பெரிய வீட்டார் கையில் அது சிக்கிக்கொள்ளாதா? மேலத்தெருவின் மேளம் மட்டும் ஒலித்து, சேரியின் குரல் அடங்கிவிடாதா? நியாயமான அச்சம். சாவி டில்லியிலிருந்து பண்ணை வீட்டுக்கு மாறுவது விடுதலை ஆகாது. ஆகவேதான் உரிமம் கேட்கும்போதே உறுதியும் கேட்கிறோம்: நிலையத்தை நடத்தும் குழுவில் எல்லாத் தெருவாரும் இடம்பெற வேண்டும்; பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். தென்காசிச் சீமையில் பீடி சுற்றும் பெண்கள் எத்தனை ஆயிரம்! கை ஓயாது, கண் இலையைவிட்டு அகலாது, செவி மட்டும் ஓய்வாக இருக்கிறது. அந்தச் செவிக்குச் சினிமாப் பாட்டும் தங்கமாளிகை விளம்பரமுமே போதும் என்று முடிவு கட்டியவர் யார்? கூலி உயர்வு பற்றி, புகையிலைத் தூசு நெஞ்சில் சேர்ப்பது பற்றி, மகளின் மேற்படிப்பு பற்றி, அவர்களே அவர்களோடு பேசக் கூடாதா?

கேட்பவர் கூட்டம் எப்போதும் வாய்மூடி இருக்கும் என்று எண்ணுவோர், பழைய கதை ஒன்றை நினைத்துப் பார்க்கட்டும். 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் தரம் தாழ்ந்தது என்று அரசு வானொலியில் அதை அருகச் செய்தார். மக்கள் என்ன செய்தனர்? முள்ளை நகர்த்தி இலங்கை வானொலியைப் பிடித்தனர்! கடல் தாண்டி வந்த தமிழ், தென்மாவட்டத்து வீடுகளில் குடியேறிற்று. அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் வீட்டு மனிதரின் குரலாயிற்று. ஐந்தே ஆண்டில், 1957 அக்டோபர் 3ஆம் நாள், விவித்பாரதியைத் தொடங்கிப் பாட்டை மீண்டும் பந்தியில் வைத்தது டில்லி. செவியைச் சிறையிடச் சென்றவர் தோற்ற வரலாறு அது. நாவைச் சிறையிட்டவரும் தோற்பர். ஆனால் அதற்கு நாவுடையோர் எழ வேண்டும்.

நாம் கேட்பது நாலே. செய்தித் தடையை நீக்குக. சமுதாய வானொலி விண்ணப்பத்தை ஒரே வாயிலில் பெற்று, ஆறு திங்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு கூறுக. வெள்ளமும் புயலும் தாக்கும் மாவட்டங்களுக்கு ஏலமில்லா அலைவரிசை ஒதுக்குக. தமிழ் ஒலிக்கும் நிலையம் தன்னைத் தமிழில் 'வானொலி' என்றே அழைத்துக்கொள்ள விடுக. இவற்றில் எது பிரிவினை? எது பேராசை?

தென்காசிச் சீமைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவு பெற்று மூன்றாண்டு நிறைந்த பொதுநல அமைப்பு எதுவும் விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. இலத்தூரில் படிப்பகம் இருக்கலாம், மாதர் சங்கம் இருக்கலாம், உழவர் மன்றம் இருக்கலாம், ஒன்று கூடுங்கள், விண்ணப்பம் எழுதுங்கள். மறுத்தால் மீண்டும் எழுதுங்கள். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரைத் தந்த மேலகரம் உங்கள் அண்டை ஊர்; ரசிகமணி டி. கே. சி. தமிழ்ச்சுவை பரிமாறிய குற்றாலம் உங்கள் மலைச்சாரல். பேசத் தெரியாத மண்ணா இது? பேசத் தெரியும், பேச விடவில்லை. இனி விடும்வரை காத்திராமல், விடுக என்று கேட்போம். அலை நம்முடையது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதில் ஏறப்போகும் குரலும் நம்முடையதாகட்டும்!